தாங்குமா

"இந்த ஊர் தாங்குமா?"
ஒற்றை வரிக் கேள்வி.
பதிலுக்கு ஆறு வாரம், நாற்பது பக்கம்,
எனக்கொரு வாடகைக் கார்.

சோஹாரில் அப்போது
ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடிக்கிற வெயில்.
துறைமுகம், உருக்காலை, புதிதாய் மூன்று ரவுண்டானா,
போன வாரம் மணலாய் இருந்த இடத்தில்
இந்த வாரம் 'வாடகைக்கு' பலகை.
வளர்கிற ஊர்தான்.
ஆனால் கேட்டது பேஸ்பால்,
அதுவும் பெரிய லீக்:
சொந்த மைதானத்தில் மட்டும் எண்பத்தோரு ஆட்டம்.
எண்பத்தோரு ராத்திரிக்கு
இருபதாயிரம் நாற்காலி
இருபதாயிரம் முதுகைத் தேடும்.

முதல் கட்டம், மக்கள்தொகை.
தலையை எண்ணினால் ஊர் பெரிது.
'மூன்று ரியால் டிக்கெட் வாங்கக்கூடியவர்' என்று சலித்தால்
சல்லடையில் நிற்பது ஒரு கைப்பிடி.
விழுந்தவர்களை எங்கே எழுத என்று கேட்டேன்.
"மற்றவை," என்றார் யோவாக்கிம்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நகராட்சியில் கல்ஃபான் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.
"கால்பந்துக்கே பாதி மைதானம் காலி.
வெள்ளிக்கிழமை காளை முட்டுக்கு வந்து பார்.
டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது,
நிற்க இடமும் கிடையாது."
அதற்கும் ஒரு கட்டம் இல்லை என்னிடம்.

மற்றவையில் தாஜுதீன் இருந்தான். காயல்பட்டினம்.
விளக்குக் கம்பத்தின் உச்சியில், இடுப்பில் கயிறோடு.
"லைட்டு தாங்கும் அக்கா," என்று கத்தினான்,
"காத்து அடிச்சாத்தான் கொஞ்சம் ஆடும்."

மற்றவையில் வில்ஃப்ரெடோவும் இருந்தான்.
பகலில் கிரேன்; ஒரு காலத்தில் செபுவில் கேட்சர்.
"இந்த ஆட்டத்துக்குக் கடிகாரமே கிடையாது மேடம்.
மூணு பேர் அவுட் ஆகணும்.
அதுவரை விடிஞ்சாலும் விடியட்டும்."
ஆறுக்கு விரல் வைத்து உள்ளே போய்
ஆறுக்கு விரல் வைத்து வெளியே வருகிறவன்
இதைச் சொல்லிவிட்டு
தானே சிரித்துக்கொண்டான்.

சோதனை ஆட்டம் ஒரு வியாழன் இரவு.
இரவல் அணிகள் இரண்டு,
சுண்ணாம்புக் கோடு, தெளித்த தண்ணீரில் புழுதி வாசனை.
எட்டு மணிக்கு எண்ணினேன்: மூவாயிரத்து நூற்று நாற்பது.
எப்படி என்று கேட்காதீர்கள்.
கம்பெனி பஸ்கள் நாற்பத்தெட்டு,
தலைக்கு ஒரு லபான், இரண்டு குப்பூஸ்.
எதற்குக் கைதட்டுவதென்று தெரியாமல்
எல்லாவற்றுக்கும் தட்டினார்கள்,
நடுவர் தொப்பியைச் சரிசெய்ததற்குக்கூட.

ஏழாவது இன்னிங்ஸில் ஹாரன் கேட்டது.
பத்து மணிக்குக் கேம்ப் கேட் மூடும்.
ஆட்டத்துக்குத்தான் கடிகாரம் இல்லை,
பஸ்ஸுக்கு இருந்தது.
வரிசை வரிசையாய் எழுந்து போனார்கள்,
சிலர் பின்பக்கமாகவே நடந்து.
மறுபடி எண்ணினேன்: இருநூற்றுப் பத்து.
வில்ஃப்ரெடோ விட்டுப்போன ஸ்கோர் தாளில்
ஒரு பத்தியின் தலைப்பு:
'பேஸில் நின்றுபோனவர்கள்.'
ஓடத் தொடங்கி, வீடு சேருமுன்
இன்னிங்ஸ் முடிந்துவிட்டவர்களாம்.
அதையும் எண்ணுவார்களாம் இந்த ஆட்டத்தில்.

"எட்டு மணிக் கணக்கைப் போடு,"
என்றார் யோவாக்கிம், கார் சாவியைச் சுழற்றியபடி.
போட்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு தாஜுதீன் அழைத்தான்.
"யாரு அக்கா ஜெயிச்சா?"
சமநிலை. பன்னிரண்டாவது இன்னிங்ஸ். இன்னும் ஆடுகிறார்கள்.
நம்பவில்லை.
"போனைக் கொஞ்சம் வெளிய பிடிங்க."
பிடித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை வெகு நேரம்;
பந்தெறிபவன் தோளைத் துடைத்தான்,
பூனை ஒன்று சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது.
பிறகு மட்டையில் அந்தச் சத்தம்,
காய்ந்த விறகு முறிகிறாற்போல்.
போனுக்குள் ஓர் அறையே எழுந்து கூவியது.
எட்டுப் பேராவது இருக்கும், கட்டில்மேல் கட்டிலாய்.

"பந்து எங்க போச்சு அக்கா?"

அவன் மாட்டிய விளக்குகளுக்கு மேலே போயிருந்தது.
அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தேன்.
"இரு," என்றேன்.